திங்காத மீன்

என் மேசையின் மேல் ஒரு புழு கிடக்கிறது. இரண்டே முக்கால் அங்குல நீளம், சுண்டுவிரலைவிட மெல்லியது. அதன் நிறத்தை உறையில் 'பச்சைப் பூசணி' என்று அச்சிட்டிருந்தார்கள். எனக்கோ அது குளத்தடியில் மட்கிய இலையின் நிறமாகத்தான் தோன்றுகிறது. கண் இல்லை, துடுப்பு இல்லை, அசையும் வால்கூட இல்லை. ஒரு முனையில் காளான் குடை போன்ற சிறிய ஈயத்தலை. அதிலிருந்து வளைந்து மேலெழும் ஒரு முள். தலையின் எடை 1/16 அவுன்ஸ், அதாவது 2 கிராமுக்கும் குறைவு. உள்ளங்கையில் வைத்தால் இருப்பதே தெரியாது. இந்த அற்பப் பொருளை வைத்துக்கொண்டு பத்து ஆண்டுகளுக்கு மேலாகச் சில ஆயிரம் மீன்களை நான் ஏமாற்றியிருக்கிறேன். ஒன்றைக்கூடச் சாப்பிட்டதில்லை. எல்லாவற்றையும் நீரிலேயே திருப்பி விட்டுவிட்டேன். அவற்றில் ஒன்று என் கையிலேயே செத்தது. நீந்திப் போனபின் செத்தவை எத்தனை என்று எனக்குத் தெரியாது. இந்தக் கட்டுரை அந்த ஒன்றைப் பற்றியது.

நான் வசிப்பது அமெரிக்காவின் நட்டநடுவில், கான்சாஸ் மாநிலத்தில். கடலைப் பார்க்க வேண்டுமானால் ஏறக்குறைய ஒரு முழுநாள் கார் ஓட்ட வேண்டும். இயற்கையான ஏரிகளும் இங்கு மிகக் குறைவு. 1930-களில் வறட்சியும் புழுதிப்புயலும் இந்தச் சமவெளியை வாட்டியபோது, வேலையற்ற இளைஞர்களுக்குக் கூலி கொடுத்து அரசு பல சிற்றேரிகளை வெட்டியது. பெரிய அணைகள் பின்னால் வந்தன. எனவே இங்குள்ள ஏரிகளில் பெரும்பாலானவற்றுக்கு மனிதர் கட்டிய கரை ஒன்று இருக்கும்; அலை அரிக்காமலிருக்க நீரோரம் சுண்ணாம்புக்கற்களைக் கொட்டிப் பாவியிருப்பார்கள். சிவகங்கைப் பக்கத்தில் கண்மாய்க் கரையைப் பார்த்து வளர்ந்த எனக்கு, இந்த அந்நிய நிலத்தில் முதலில் பழக்கப்பட்டதாகத் தெரிந்தது அந்தக் கரைதான். மடை இருக்கிறதா என்று என்னையறியாமல் கண் தேடியது. இருந்தது.

2008-ல் மென்பொருள் வேலைக்காக இங்கு வந்து சேர்ந்தேன். மூன்று ஆண்டுகள் அலுவலகம், வீடு, கடை என்று கழிந்தன. 2011-ம் ஆண்டு வசந்தத்தில், ஓய்வுபெற்ற கடைசல்தொழிலாளியான பக்கத்து வீட்டுக்காரர், வேலிக்கு மேலே எட்டிப்பார்த்து மீன் பிடிக்க வருகிறாயா என்று கேட்டார். மனைவியை இழந்தவர். அதிகம் பேசமாட்டார். காரின் பின்பெட்டியில் இரண்டு கோல்களும் ஒரு கையகலப் பெட்டியும் மட்டுமே வைத்திருந்தார். தொலைக்காட்சியில் பார்த்த பாஸ் மீன்பிடிப்போ வேறு மாதிரி: மினுமினுக்கும் படகுகள், விளம்பரம் தைத்த சட்டைகள், பதினைந்து கோல்கள். அவருடைய பெட்டியைத் திறந்து பார்த்த எனக்குச் சற்று ஏமாற்றமாக இருந்தது. உள்ளே இந்தப் புழுக்களும் காளான் தலைகளும் தவிர வேறொன்றும் இல்லை.

பிளாஸ்டிக் புழுவின் கதை சுவையானது. ஒஹாயோ மாநிலத்து ஆக்ரன் நகரில் நிக் க்ரீம் என்ற இயந்திரத் தொழிலாளி, 1949-ல் தன் வீட்டிலேயே இரசாயனக் கலவைகளைக் காய்ச்சி, நிஜமான மண்புழுவிலிருந்து எடுத்த அச்சில் ஊற்றி, மென்மையான புழுக்களை வார்த்தெடுத்தார். அதற்குமுன் ரப்பரில் புழு செய்து பார்த்தவர்கள் உண்டு. ஆனால் அவை விறைப்பானவை. நீரில் செத்துக் கிடந்தன. க்ரீமின் புழுவோ நெளிந்தது. சில ஆண்டுகளில் அமெரிக்காவின் தென்மாநிலத்து அணைகளிலெல்லாம் அது பரவிவிட்டது. பிறகு புழுக்கள் நீண்டன, வால் முளைத்தன, மினுக்கும் துகள்களும் உப்பும் மணமும் சேர்ந்தன. எல்லாத் தொழில்களிலும் நடப்பதுதான்.

கான்சாஸ் நகரத்துக்காரர்கள் சிலர் மட்டும் எதிர்த்திசையில் போனார்கள். சக் வுட்ஸ் என்பவர் 'பீட்டில்' என்ற விரல்நுனியளவுத் தூண்டிலை உருவாக்கிச் சிறிய ஜிக் தலைகளில் மாட்டி வீசினார். டென்னஸியில் சார்லி ப்ரூவர் என்பவர் நான்கங்குலப் புழுவைச் சிறு தலையில் கோத்து, எதுவும் செய்யாதே, மெதுவாகச் சுற்றி இழு, அவ்வளவுதான் என்று கற்பித்தார். அந்த முறைக்கே 'ஒன்றும் செய்யாமை' என்று பெயர். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் லாரன்ஸ் நகரில், பல்கலைக்கழக ஆவணக் காப்பாளராக இருந்து ஓய்வுபெற்ற நெட் கெஹ்டி, ஐந்தங்குலப் புழுவை இரண்டாக வெட்டிப் பாதியை மட்டும் காளான் தலையில் குத்தினார். இன்று உலகெங்கும் 'நெட் ரிக்' என்று விற்பனையாவது இதுதான். அவர் அதைத் தன் கண்டுபிடிப்பு என்று சொல்லிக்கொள்வதில்லை. தனக்கு முந்தியவர்களின் பெயர்களைத்தான் மீண்டும் மீண்டும் எழுதினார். ஆவணக் காப்பாளர் அல்லவா! ஆங்கிலத்தில் இந்த வகை முழுவதற்கும் 'ஃபினெஸ்' என்று பெயர். அதை நயம் என்று தமிழில் சொல்லிக்கொள்கிறேன். சிறிய தலை, மெல்லிய நரம்பு, அவசரமில்லாத கை: இந்த மூன்றும் சேர்ந்தால் நயம்.

எனக்கு முதல் இரண்டு மாதங்கள் ஒன்றும் அகப்படவில்லை. பிழை என்னவென்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லவும் இல்லை. அவர் பக்கத்தில் நின்று ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தார். புழு ஒன்றுதான், கோல் ஒன்றுதான், நிற்கும் கல்கூட ஒன்றுதான். ஒருநாள் என்னைப் பார்க்காமலேயே, "நீ அதற்கு உயிர் கொடுக்கப் பார்க்கிறாய். அதற்கு ஏற்கெனவே இருக்கிறது" என்றார்.

விஷயம் இதுதான். இந்தவகைப் புழுவின் பொருள் நீரைவிட இலேசானது. ஈயத்தலை தரையைத் தொட்டதும் உடல் மேல்நோக்கி எழும்பி நிற்கும். அடிச்சேற்றைக் கொத்தும் சிறுமீனைப்போல, அல்லது கொடுக்கைத் தூக்கிய நன்னீர் இறாலைப்போல. நீரின் சிறு அசைவே அதற்குப் போதும். வீசியபின் நரம்பு தளர்வாக இருக்கும்போது அது மெல்ல அசைந்தபடி விழவேண்டும். தரைதட்டியபின் சற்று நேரம் விடவேண்டும். பிறகு ஓர் அடி இழுத்து மறுபடி விடவேண்டும். நான் செய்ததோ ஆட்டுவதும் சுண்டுவதும் வெட்டி இழுப்பதும். கணினியின் முன்னால் நாளெல்லாம் எதையாவது அழுத்திக்கொண்டே இருக்கிற விரல்கள். சும்மா இருப்பதற்கு அவற்றைப் பழக்க ஒரு கோடைகாலம் முழுவதும் ஆயிற்று.

இந்த மீன் கவ்வுவதும் நாம் நினைப்பதுபோல் இல்லை. பாஸ் வாயைத் திடுமெனத் திறக்கும்போது அந்த வெற்றிடத்துக்குள் நீரும் நீரோடு இரையும் உறிஞ்சப்பட்டு உள்ளே போகின்றன. பிடிக்காவிட்டால் அதே வேகத்தில் துப்பிவிடும். பெரிய தூண்டிலில் அது கையில் அடியாகத் தெரியும். 2 கிராம் தலையில் பெரும்பாலும் அடியே இல்லை. தக்கை கட்டிய தூண்டிலாவது முங்கிக் காட்டும். இங்கே, நரம்பு நீரைத் தொடும் இடத்தில் ஒரு கோணம் மாறும். அல்லது, இதுவரை இருந்த ஒரு மெல்லிய கனம் திடீரென்று இல்லாமல் போகும். அல்லது, ஈரத்துணியை இழுப்பதுபோல் ஒரு மந்தம். அதை அறிந்த கணத்தில் கோலை மெதுவாக உயர்த்தினால், மறுமுனையில் ஓர் உயிர் தலையை உலுக்குவது முழங்கைவரை ஏறி வரும். அந்தக் கணத்துக்காகவே ஒருவன் விடியற்காலை நான்கரை மணிக்கு எழுந்துவிடலாம். நான் எழுந்தேன், வாரத்துக்கு இரண்டு நாள், வருடக்கணக்கில்.

*

அப்பாவும் அம்மாவும் 2015-ம் ஆண்டு கோடையில் வந்திருந்தார்கள். அம்மாவுக்குப் பேரப்பிள்ளைகள் இருந்தார்கள். அப்பாவுக்குப் பொழுதே போகவில்லை. பேருந்து இல்லாத ஊர், தெருவில் நடக்க ஆள் இல்லாத ஊர். முற்றத்துப் புல்லைப் பார்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரு சனிக்கிழமை அதிகாலையில் அவரை ஏரிக்கு அழைத்துப் போனேன்.

கரையைக் கண்டதும் அவர் முகம் மாறியது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லில் இறங்கி நீரைத் தொட்டுப் பார்த்தார். என் பெட்டியிலிருந்து ஒரு புழுவை எடுத்து விரல்களுக்கிடையில் உருட்டினார், மூக்கருகே கொண்டுபோனார். "உப்புக் கரிக்குமா?" என்று கேட்டார். உப்புச் சேர்த்துத்தான் செய்கிறார்கள் என்றேன். "வெவரமானவய்ங்கதான்" என்றார். அவருடைய இளமையில் அவரும் தூண்டில்காரர். மூங்கில் கழி, தங்கூசி நரம்பு, ஈரமண்ணைக் கிளறி எடுத்த மண்புழு. கண்மாயில் கெண்டையும் கெளுத்தியும் பிடித்து வந்தால்தான் அன்றைக்குச் சோற்றுக்குக் குழம்பு என்ற நாட்கள் அவருக்கு உண்டு. அதை ஒரு துயரமாகவோ பெருமையாகவோ அவர் சொன்னதே இல்லை. வெயில் அடித்தது, மழை பெய்தது என்பதுபோலச் சொல்வார்.

அன்று முதல் அரைமணி நேரத்தில் நான் ஏழு மீன் பிடித்தேன். ஒவ்வொன்றையும் கீழ்த்தாடையில் கட்டைவிரலை விட்டுத் தூக்கி, முள்ளைக் கழற்றி, மறுபடி நீரில் விட்டேன். முதல் மீனை விட்டபோது அவர், சிறியது என்பதால் விடுகிறேன் என்று நினைத்துத் தலையசைத்தார். மூன்றாவது மீன் ஒன்றரைக் கிலோவாவது இருக்கும். அதையும் விட்டபோது அவருடைய கை தன்னிச்சையாக முன்னால் நீண்டு, பின் அடங்கியது. ஏழாவது மீன் போனபிறகு கேட்டார்:

"திங்கமாட்டியாப்பா?"

"இல்லப்பா. இங்க இப்படித்தான். புடிச்சுட்டு விட்டுருவோம்."

"ஏன், ருசியில்லாத மீனா?"

"ருசியாத்தான் இருக்குமாம். விட்டாத்தான பெருகும்? இன்னொருத்தர் புடிக்கலாம்ல?"

"அவரும் விட்டுருவாரா?"

"ஆமா."

சற்று நேரம் நீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "திங்காத மீன எதுக்குப்பா கூப்புட்டுத் தொந்தரவு பண்ற?"

கண்டிப்பாக அல்ல, நிஜமாகவே விளங்காமல் கேட்டார். அதனாலேயே எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை. நான் கோலை நீட்டி, நீங்கள் போடுகிறீர்களா என்றேன். "வேணாம்ப்பா" என்று சொல்லிவிட்டுக் கல்லில் உட்கார்ந்துகொண்டார். அவர் இங்கிருந்த மூன்று மாதத்தில் இன்னும் நான்கைந்து முறை ஏரிக்கு வந்தார். ஒருமுறைகூடக் கோலைத் தொடவில்லை.

*

அவர் ஊர் திரும்பியபின் அந்தக் கேள்விக்கு நான் பதில் சேகரிக்க ஆரம்பித்தேன். பதில்களுக்குப் பஞ்சமில்லை. ரே ஸ்காட் என்பவர் பாஸ் மீன்பிடிப் போட்டிகளை ஒரு பெருந்தொழிலாக ஆக்கியவர். 1972-ல், பிடித்த மீனைக் கொல்லாதே என்ற முழக்கத்தோடு, பிடித்து விடுவதைத் தன் போட்டிகளில் புகுத்தினார். அதுவரை போட்டி முடிந்தால் கோத்துக் கட்டிய மீன்கள் குவியும். அந்தப் பழக்கம் போயிற்று. ஏரிகளில் மீன் தங்கியது. இது உண்மை, நல்ல விஷயமும்கூட.

மறுபக்கமும் உண்டு. ஜெர்மனியின் விலங்குப் பாதுகாப்புச் சட்டம், தகுந்த காரணமில்லாமல் முதுகெலும்புள்ள எந்த உயிரையும் துன்புறுத்தக் கூடாது என்கிறது; உணவு தகுந்த காரணம், பொழுதுபோக்கு அல்ல. சுவிட்சர்லாந்து 2008-ல் இயற்றிய விதிகளின்படி, திருப்பி விடும் எண்ணத்தோடு தூண்டில் போடுவதே குற்றம். படித்தபோது சிரிப்பு வந்தது. எங்கள் கண்மாய்க் கரையில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்காரும் ஒரு மனிதர், சட்டப்புத்தகம் எதையும் திறக்காமல், அதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருந்தார்.

அப்பாவின் உலகத்தில் கட்டுப்பாடுகள் இல்லாமலில்லை. சித்திரை வைகாசியில் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர்ப்பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசும்வரை ஒருவரும் இறங்கக் கூடாது. வீசியதும் ஊத்தாவும் கச்சாவும் வலையுமாகச் சுற்றுப்பட்டுக் கிராமங்களே சேற்றில் பாயும். அன்று எல்லா வீடுகளிலும் மீன்குழம்பு கொதிக்கும். அதற்குமுன் யாரும் குத்தகைக்காரர் கண்ணுக்குத் தெரிய வலை போட முடியாது. இன்னொன்று, எழுதப்படாத விதி: செந்நிறக் குஞ்சுகள் பந்துபோல் மொய்த்துத் திரியும்போது அவற்றுக்குக் கீழே தாய்விரால் நிற்கும், அதன்மேல் தூண்டில் போடக் கூடாது. நான் ஒன்பது வயதில் போட்டு முதுகில் வாங்கியிருக்கிறேன். பாஸ் மீனிலும் ஆண்மீன் பள்ளம் பறித்து, முட்டையையும் பிறகு குஞ்சுகளையும் காத்து நிற்கிறது. கான்சாஸில் சித்திரை மாதம் அது கரையோரம் நிற்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். காவல் நிற்கும் மீன் பசியால் கவ்வுவதில்லை. கிட்டே வருவதை விரட்டக் கவ்வுகிறது. ஆகவே பிடிப்பது மிக எளிது. நான் பிடித்தேன். விட்டுவிடத்தானே போகிறேன் என்று சொல்லிக்கொண்டேன்.

பிடித்து விடுவதில் உள்ள சிக்கல் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. பசிக்கு ஓர் அளவு உண்டு. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு கிலோ மீன் போதும்; அதற்குமேல் பிடிக்கிறவனை அம்மாவே திட்டுவாள். விட்டுவிடுகிறவனுக்கு நிறுத்துவதற்குக் காரணமே இல்லை. எங்கள் பகுதி நயத்தூண்டில்காரர்களிடையே ஓர் இலக்கு உண்டு: நான்கு மணி நேரத்தில் 101 மீன். கெஹ்டியும் அவருடைய நண்பர்களும் ஒவ்வொரு நாளின் நீர்வெப்பம், காற்று, இடம், மீன் எண்ணிக்கை எல்லாவற்றையும் ஒரு காப்பாளரின் ஒழுங்கோடு பதிவுசெய்தார்கள். அந்தப் பதிவுகளில் கற்றுக்கொள்ள நிறைய இருந்தது. நான் அவற்றிலிருந்து எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டேன். 2016-ல் கைக்கடக்கமான எண்ணும் கருவி ஒன்றை வாங்கி இடுப்பில் தொங்கவிட்டேன். ஒரு மீன், ஒரு சொடுக்கு. 101-ஐ நான் ஒருநாளும் தொடவில்லை. அதிகபட்சம் 74. அன்று வீட்டுக்கு வரும் வழியில், அந்த 74-ல் எந்த ஒரு மீனின் முகமும் எனக்கு நினைவில் இல்லை என்பதைக் கவனித்தேன். கவனித்துவிட்டு, அடுத்த வாரமும் சொடுக்கினேன்.

*

2022 ஜூன் முதல் வாரம். பக்கத்து வீட்டுக்காரர் இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. தனியாகத்தான் போயிருந்தேன். இரவு மழை பெய்து காலையில் காற்றே இல்லை. எண்ணும் கருவியில் 22 இருந்தது. பிறகு ஒரு மணி நேரம் ஒன்றும் இல்லை.

மீன் மந்தமாக இருக்கும்போது செய்வதற்கு ஒரு முறை உண்டு. புழுவைத் தரையில் போட்டுவிட்டு அசைக்காமலே கிடக்க விடுவது. ஒன்றும் செய்யாமையின் உச்சம் என்று அதைச் சொல்லலாம். ஆனால் அதில் ஒரு நிபந்தனை இருக்கிறது: கை சும்மா இருக்கலாம், கண் சும்மா இருக்கக் கூடாது. நரம்பு தளர்ந்து கிடப்பதால் மீன் எடுத்ததே தெரியாமல் போய்விடும். சிறிய புழு, மென்மையான புழு, உப்பும் சேர்ந்த புழு. துப்பத் தோன்றாமல் மீன் அதை விழுங்கிவிடும். இது எனக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அன்று கோலைக் கல்லில் சாய்த்துவிட்டு, அலுவலகத்திலிருந்து வந்த ஒரு மின்னஞ்சலுக்குத் தொலைபேசியில் பதில் தட்டினேன். மூன்று நிமிடம் இருக்கும்.

நிமிர்ந்தபோது நரம்பு கரையோரமாக இடப்பக்கம் வெகுதூரம் போயிருந்தது. கோலைத் தூக்கினேன். மீன் அதிகம் போராடவில்லை. தூக்கிப் பார்த்தபோது வாயில் ஒன்றும் தெரியவில்லை. நரம்பு மட்டும் தொண்டைக்குள் இறங்கியிருந்தது. செவுளிலிருந்து இரத்தம் என் மணிக்கட்டு வழியாக வழிந்தது. மீன் இரத்தம் இவ்வளவு சிவப்பா என்று அபத்தமாக ஓர் எண்ணம் வந்தது. என்னிடம் இருந்த குறடு குட்டையானது, உள்ளே எட்டவில்லை. விழுங்கிய முள்ளைப் பிய்க்காதே, நரம்பை அறுத்துவிடு என்பதுதான் நான் கேள்விப்பட்டிருந்த அறிவுரை. அறுத்தேன்.

அளந்தேன். 13¾ அங்குலம். அந்த ஏரியில் 15 அங்குலத்துக்குக் குறைந்த பாஸை வைத்துக்கொள்ளக் கூடாது. உயிரோடிருந்தாலும் செத்துப்போயிருந்தாலும் உடனே நீரில் விட்டுவிட வேண்டும். அதில் நியாயம் இருக்கிறது. செத்துவிட்டது என்று சொல்லி எடுத்துப்போகலாம் என்றால், எல்லாருடைய மீனும் செத்துப்போகும். ஆனால் அந்த நியாயத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பது வேறு விஷயம்.

நீரில் நிமிர்த்திப் பிடித்து, செவுளுக்குள் நீர் போகும்படி முன்னும் பின்னுமாக மெதுவாக அசைத்தேன். கால்மணி நேரத்துக்கு மேல் அப்படியே முழங்கால் நீரில் குனிந்திருந்தேன். வாய் திறந்து மூடியது. அதன் பக்கவாட்டில் ஓடும் கரும்பட்டை மெல்ல மங்கியது. இந்த இனத்துக்கு அறிவியல் வைத்த பெயரின் கதை அப்போது நினைவுக்கு வந்தது. 1802-ல் பாரிஸில் லாசெபேத் என்ற இயற்கையியலர், தன் கைக்கு வந்த ஒரு மீனின் முதுகுத்துடுப்பில் பின்பகுதி துண்டுபட்டுக் கிடப்பதை அறியாமல், இதற்கு இயற்கையிலேயே அப்படி ஒரு குட்டித் துடுப்பு என்று நினைத்து, 'சிறுதுடுப்பு' என்று பொருள்படும் மைக்ரோப்டெரஸ் என்ற பெயரை வைத்தார். காயம்பட்ட ஓர் உடலைப் பார்த்து வைத்த பெயரை இந்த இனங்கள் அனைத்தும் இன்றும் சுமக்கின்றன. என் கையிலிருந்ததற்கு முழுத்துடுப்பு இருந்தது, விரிந்து, குத்தும்படி. பிறகு அது மடங்கியது. கையை விட்டேன். மீன் பக்கவாட்டில் சாய்ந்து, வெள்ளை வயிறு தெரிய, கல்லோரம் மிதந்தது.

சாப்பிட முடியாத, உயிரோடு விடவும் முடியாத ஒரு மீன். இடுப்பைத் தொட்டேன். 22 என்றுதான் காட்டியது. இதை எண்ணுவதா வேண்டாமா என்று ஒருகணம் யோசித்தேன் என்பதை இங்கே எழுதிவிட வேண்டும். அதற்கு வெட்கப்பட்டே அந்தக் கருவியைக் கழற்றினேன்.

*

அன்று இரவு அப்பாவைத் தொலைபேசியில் அழைத்தேன். அங்கே விடிந்திருந்தது. வழக்கமான நலவிசாரிப்புகள் முடிந்தபின், காலையில் நடந்ததைச் சொன்னேன். ஆறுதலை எதிர்பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன். அல்லது, அன்றைக்கே சொன்னேனே என்ற ஒரு சொல்லை. இரண்டில் எது வந்திருந்தாலும் மனம் இலேசாகியிருக்கும்.

"பொதைச்சியா?" என்றார்.

"இல்லப்பா. தண்ணியிலயே விடணும்னு சட்டம். விட்டுட்டேன்."

"அப்பச் சரி. ஆமை கெடக்கா அங்க?"

"கெடக்கும்ப்பா. பெரிய ஆமையே உண்டு."

"ஆமை தின்னுரும். கொக்கு திங்கும். சும்மா போகாது. ஒண்ணு செத்தா இன்னொண்ணு திங்கும், அதுல பாவமில்ல."

எனக்குக் கண் கலங்கியது. நான் கேட்க விரும்பியதைக் கேட்டுவிட்டதாகத் தோன்றியது. அவர் சற்று நேரம் பேசவில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு கேட்டார்:

"அந்த ரப்பர் புழுவ எடுத்துட்டியா?"

நான் பதில் சொல்லவில்லை.

"முள்ளும் ஈயமும் உள்ளயா கெடக்கு?"

"ஆமாப்பா."

"அப்ப அந்த ஆமை?" என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் தொலைபேசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

மறுநாள் விடியுமுன்பே ஏரிக்குப் போனேன். பாவிய கற்களினூடே குனிந்து குனிந்து நூறடி தூரம் தேடினேன். மீன் இல்லை. எதுவோ எடுத்துப்போயிருந்தது. தேடும்போது எத்தனை கிடைத்தன தெரியுமா! கல்லிடுக்கில் சிக்கி அறுந்த நரம்புகள், வெளிறி ஊதிப்போன பிளாஸ்டிக் புழுக்கள், துருவேறிய முட்கள். அவற்றில் சில என்னுடையவையாகவே இருக்கலாம். பத்தாண்டுகளாக அந்தக் கற்களின்மேல்தான் நின்றிருக்கிறேன். கீழே பார்த்ததில்லை.

ஈயத்தைப் பற்றி நான் அறியாதவன் அல்ல. வடகிழக்கு மாநிலங்களில் லூன் என்ற நீர்ப்பறவை ஈயத்தலைகளை விழுங்கிச் சாவது பற்றிப் படித்திருக்கிறேன். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் 1 அவுன்சும் அதற்குக் குறைந்த எடையும் உள்ள ஈயத்தலைகளுக்குத் தடை இருக்கிறது. படித்தபோது, எங்கள் ஏரிகளில் லூன் கூடு கட்டுவதில்லையே என்று பக்கத்தைப் புரட்டிவிட்டேன். நயம் என்று நான் கொண்டாடியதெல்லாம் நரம்பின் என் பக்கத்து முனையில் மட்டும் இருந்தது.

நான் மீன்பிடிப்பதை விட்டுவிட்டேன் என்று எழுதினால் இந்தக் கட்டுரை அழகாக முடியும். விடவில்லை. இப்போதும் போகிறேன், முன்னளவு அடிக்கடி அல்ல. டங்ஸ்டன் தலைகளுக்கு மாறினேன், விலை பலமடங்கு. முள்ளின் பின்னோக்கிய சிறு கொக்கியைக் குறடால் நசுக்கித் தட்டையாக்கிவிடுகிறேன். சில மீன்கள் பாதிவழியில் கழன்றுகொள்கின்றன, போகட்டும். நீண்ட மூக்குள்ள குறடு ஒன்று எப்போதும் சட்டைப்பையில் இருக்கிறது. கோலைக் கல்லில் சாய்ப்பதில்லை. சித்திரையில் கரையோரம் காவல் நிற்கும் மீனைக் கண்டால் அங்கேயே உட்கார்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன். பத்து மீன் ஆனதும் கோலை மடக்கிவிடுகிறேன். பத்து என்பதற்கு ஒரு தர்க்கமும் இல்லை. பசி இல்லாதவன் தனக்கு வைத்துக்கொண்ட ஓர் அளவு. திரும்பும்போது கல்லிடுக்குகளில் கிடக்கும் புழுக்களையும் நரம்பையும் ஒரு பையில் பொறுக்குகிறேன். வீசி இழுப்பதைவிட அதற்கு நேரம் பிடிக்கிறது.

இவையெல்லாம் அப்பாவின் முதல் கேள்விக்குப் பதில் ஆகா என்பது எனக்குத் தெரியும். தொந்தரவைச் சற்றுக் குறைத்துக்கொண்டிருக்கிறேன், அவ்வளவே. அவருக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. பயணம் செய்ய முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் பேசும்போது, ஏரிக்குப் போனாயா என்று மறக்காமல் கேட்கிறார். போனேன் என்பேன். எத்தனை மீன் என்று அவர் கேட்பதில்லை.

"எல்லாத்தையும் எடுத்துட்டு வந்துட்டியா?" என்று மட்டும் கேட்கிறார்.

மேசையின் மேலிருக்கும் இந்தப் புழு நேற்று ஒரு கல்லுக்கடியிலிருந்து எடுத்தது. ஈயத்தலை. என்னுடையதா, வேறு யாருடையதா என்று சொல்ல முடியவில்லை.